எந்தப் படங்களை எடுப்பது?

ஓர் இயக்குநரின் பாணியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாணவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் எடுத்துக்கொண்ட இயக்குநர் 25 படங்களுக்கு மேல் எடுத்திருக்கிறார். கட்டுரை 5,000 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். எத்தனை படம் பார்த்தால் போதும்? எதை எடுப்பது, எதை விடுவது?
— விஸ்காம் மூன்றாம் ஆண்டு மாணவி

பார்ப்பதையும் ஆராய்வதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கிற படங்களையெல்லாம் வெளிவந்த வரிசையில், நிறுத்தாமல், ஒருமுறை பாருங்கள். படத்துக்கு அரைப் பக்கக் குறிப்பு போதும். ஷாட் ஷாட்டாக, அதாவது ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரையுள்ள துண்டு துண்டாக, பிரிப்பது மூன்று படங்களை மட்டும். முதுகலை ஆய்வேடு என்றால் ஐந்து.

ஏன் மூன்று? இரண்டு மணி நேரப் படத்தில் 870 ஷாட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நேரம், ஷாட்டின் அளவு, கேமரா நகர்வு, கேமராவின் உயரம் ஆகிய நான்கையும் குறிக்க ஒரு நிமிடம் பிடித்தால்கூட பதினான்கரை மணி நேரம். மூன்று படத்துக்கு நாற்பத்து மூன்றரை. இளங்கலையில் ஐந்து, ஆறு என்று எடுத்துக்கொள்பவர்கள் மூன்றாவது படத்தில் களைத்துப்போய், மீதியை ஞாபகத்திலிருந்து எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு அது எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது என்றுகூடத் தெரிந்துவிடும்.

எந்த மூன்று என்பதை உங்கள் ஆய்வுக் கேள்விதான் முடிவு செய்ய வேண்டும். ‘இன்னாரின் பாணி’ என்பது தலைப்பு மட்டுமே, கேள்வி ஆகாது. ‘இரண்டு பேர் பேசும் காட்சிகளில் இவர் கேமராவை எங்கே வைக்கிறார்?’, ‘முக்கியப் பாத்திரம் முதன்முதலில் திரைக்கு வரும் இடத்தை எப்படிக் கட்டுகிறார்?’ இப்படிக் கேட்டால் படங்கள் தாமாகவே வடிகட்டப்படும். நீங்கள் சொல்ல வரும் தன்மை தெளிவாகத் தெரிகிற இரண்டு படங்களை, பத்து வருட இடைவெளியாவது இருக்கும்படி எடுங்கள். மூன்றாவது, அந்தத் தன்மை இல்லையோ என்று உங்களுக்கே சந்தேகம் வருகிற படமாக இருக்கட்டும். பலரும் தவிர்ப்பது இதைத்தான். ஆய்வுக்குக் கனம் சேர்ப்பதும் இதுதான்.

ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசுவைப் பாருங்கள். அவர் கேமரா அசையாது என்று எல்லோரும் சொல்வார்கள். 1958 முதல் 1962 வரை அவர் எடுத்த வண்ணப் படங்களை மட்டும் எடுத்தால் நீங்களும் அதையே எழுதி முடிப்பீர்கள். ஆனால் 1932இன் மௌனப் படமான ‘ஐ வாஸ் பார்ன், பட்’டில் கேமரா வகுப்பறை மேசைகளைக் கடந்து போகிறது, அப்படியே அலுவலக மேசைகளைக் கடந்தும் போகிறது. 1949இன் ‘லேட் ஸ்பிரிங்’கில் சைக்கிளில் போகிறவர்களோடு கேமராவும் போகிறது. இந்த இரண்டில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் உங்கள் வாக்கியம் ‘ஓசு கேமராவை அசைக்க மாட்டார்’ என்பதிலிருந்து ‘ஓசு அசைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டார்’ என்று மாறும். இரண்டாவது வாக்கியம்தான் உண்மை. அடுத்து ‘எப்போது, எந்த வகைக் காட்சியில் முதலில் கைவிட்டார்?’ என்று கேட்கத் தோன்றும். ஆய்வு அங்கேதான் சூடு பிடிக்கிறது.

கேள்வி: விருது வாங்கிய படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். விருதுப் படங்கள் பல சமயம் ஒரே காலகட்டத்தில், ஒரே குழுவோடு எடுக்கப்பட்டவை. ஓடாத படம் ஒன்றையாவது சேருங்கள். அவற்றைப் பற்றி ஏற்கெனவே எழுதப்பட்டது குறைவு என்பதால் சொந்தக் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: மணிரத்னம் பற்றிய ஆய்வுக்கு ‘மௌன ராகம்’, ‘நாயகன்’, ‘அக்னி நட்சத்திரம்’ எடுத்திருக்கிறேன். ‘நீ எழுதியிருப்பது இயக்குநரின் பாணி இல்லை, ஒளிப்பதிவாளரின் பாணி’ என்கிறார் என் வழிகாட்டி. எப்படிச் சரிசெய்வது?
— முதுகலை மாணவர்

உங்கள் வழிகாட்டி சொல்வது சரி. பிழை உங்கள் எழுத்தில் இல்லை, தேர்வில் இருக்கிறது. மூன்றும் 1986, 1987, 1988 என்று அடுத்தடுத்து வந்தவை. மூன்றுக்கும் ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம், இசை இளையராஜா, படத்தொகுப்பு பி. லெனின்–வி.டி. விஜயன். எதுவுமே மாறாத இடத்தில் எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை. ‘நாயக’னை வைத்துக்கொண்டு, சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்த ‘தளபதி’யையும் (1991), ராஜீவ் மேனன் ஒளிப்பதிவு செய்த ‘பம்பா’யையும் (1995) சேருங்கள். மூன்று பேர் கண்ணையும் தாண்டி ஒரு பழக்கம் நிற்கிறதென்றால், அதை இயக்குநரின் கணக்கில் எழுதலாம். நிற்காதவற்றையும் எழுதுங்கள்.

படங்களை முடிவு செய்யும் முன் ஓர் அட்டவணை போடுங்கள். வரிசைக்கு ஒரு படம். கட்டங்களில் ஆண்டு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, கலை, எழுத்து, கறுப்பு வெள்ளையா வண்ணமா, திரையின் அகல உயர விகிதம். டைட்டிலைப் பார்த்தே நிரப்புங்கள். இணையப் பட்டியல்களில் துணைக் கலைஞர்களின் பெயர்கள் அடிக்கடி தவறாக இருக்கும். நிரப்பி முடித்ததும், ஆண்டைத் தவிர ஒரே ஒரு கட்டம் மட்டும் மாறியிருக்கும் இரண்டு வரிசைகளைத் தேடுங்கள்.

அப்படிக் கிடைக்கும் ஜோடி அபூர்வம், கிடைத்தால் விடாதீர்கள். சத்யஜித் ராயிடம் அப்படி ஒன்று இருக்கிறது. ‘அபிஜன்’ (1962), ‘மகாநகர்’ (1963). இரண்டும் கறுப்பு வெள்ளை; இரண்டுக்கும் ராயே இசை, துலால் தத்தா படத்தொகுப்பு, பன்சி சந்திரகுப்தா கலை. முன்னதற்கு ஒளிப்பதிவு சௌமேந்து ராய், பின்னதற்கு சுப்ரத மித்ரா. ‘ராய் படங்களின் மென்மையான வெளிச்சம்’ என்று எழுதுவதற்கு முன் இந்த இரண்டிலும் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நிழலின் ஓரம் கூர்மையாக விழுகிறதா, கரைந்து விழுகிறதா, ஒரே முகத்துக்கு எத்தனை நிழல். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: கதையும் களமும் வேறு. ‘அபிஜன்’ டாக்ஸி ஓட்டுபவர் கதை, ‘மகாநகர்’ பெரும்பாலும் வீடும் அலுவலகமும். அதனால் வெளிப்புறக் காட்சிகளை ஒப்பிட்டால் ஆளைவிட இடம்தான் பேசும்.

கேமரா நகர்வு உங்கள் தலைப்பு என்றால் இன்னொரு தகவலும் முக்கியம். ‘சாருலதா’ (1964) முதல் ராய் கேமராவைத் தானே இயக்கினார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களைக் கலந்து ஒரே சராசரியாகப் போட்டுவிடாதீர்கள்.

தமிழில் இதற்கு இன்னொரு நல்ல களம், மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ (1978). ஒளிப்பதிவு பாலுமகேந்திரா. அடுத்த ஆண்டு வந்த ‘உதிரிப்பூக்க’ளுக்கு ஒளிப்பதிவு அசோக்குமார். பாலுமகேந்திரா தானே இயக்கி ஒளிப்பதிவும் செய்த ‘மூடுபனி’ 1980இல் வந்தது. மூன்றுக்கும் இசை இளையராஜா, மூன்றும் மூன்றாண்டுக்குள். முதல் இரண்டுக்கும் பொதுவானதை மகேந்திரனிடமும், முதலுக்கும் மூன்றாவதுக்கும் பொதுவானதை பாலுமகேந்திராவிடமும் தேடலாம். இப்படி மூன்று படத்தில் இரண்டு கலைஞர்களைப் பிரித்துப் பார்க்கிற வாய்ப்பு எளிதில் அமையாது.

கேள்வி: ஒரே படம் இணையத்தில் 2 மணி 4 நிமிடம், டிவிடியில் 2 மணி 18 நிமிடம் ஓடுகிறது. எதை வைத்து ஷாட் எண்ணுவது?

எண்ணத் தொடங்கும் முன்பே இதைக் கேட்டது நல்லது. பிரதி தவறாக இருந்தால் எத்தனை கவனமாக எண்ணினாலும் வீண்.

படத்துக்கு முன்னால் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் படியுங்கள். ஃபிலிமில் வந்த படங்களுக்கு அதில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் ஃபிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் 3,950 மீட்டர் என்றிருந்தால் படம் ஏறத்தாழ 144 நிமிடம். உங்கள் பிரதி 124 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் 20 நிமிடம் எங்கோ போயிருக்கிறது. பெரும்பாலும் பாடலோ நகைச்சுவைக் காட்சியோ முழுதாகக் காணாமல் போயிருக்கும். அப்படியென்றால் பாட்டுப் புத்தகம், பழைய ஒலிநாடா, வேறு பிரதி ஆகியவற்றை வைத்து எது விடுபட்டிருக்கிறது என்று பட்டியலிட்டு, கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த 144 நிமிடத்தோடு ஒப்பிட்டால் டிவிடியில் குறையும் 6 நிமிடத்தையும் வெட்டு என்று நினைக்க வேண்டாம். ஃபிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படம். பழைய டிவிடிகளில் பல, தொலைக்காட்சிக்காக நொடிக்கு 25 ஃப்ரேமாக வேகம் கூட்டி மாற்றப்பட்டவை. 144 நிமிடப் படம் அதில் 138 நிமிடம் 14 நொடியில் முடிந்துவிடும், ஒரு ஃப்ரேம்கூட வெட்டாமலே. உங்கள் டிவிடி அந்த ரகமாக இருக்கலாம். மென்பொருளில் கோப்பின் விவரத்தைத் திறந்தால் ஃப்ரேம் வேகம் தெரியும். 25 என்றிருந்து, நீளமும் 4 சதவீதம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு நேர அளவையும் 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஒரு படத்தை டிவிடியிலும் இன்னொன்றை ஓடிடியிலும் எண்ணினால், இயக்குநர் வேகம் கூட்டியதாக ஒரு பொய் முடிவு கிடைக்கும்.

அடுத்தது ஃப்ரேமின் வடிவம். நான்குக்கு மூன்று விகிதத்தில் எடுத்த பழைய படத்தை இன்றைய அகலத் திரைக்கு நிரப்ப வேண்டுமென்றால் ஒன்று இழுப்பார்கள், இல்லை மேலும் கீழும் வெட்டுவார்கள். வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். இழுத்திருந்தால் சக்கரமும் தட்டும் நீள்வட்டமாகத் தெரியும். வெட்டியிருந்தால் குளோசப்பில் உச்சந்தலை இருக்காது, டைட்டில் எழுத்து விளிம்பில் ஒட்டி நிற்கும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத் திரை) படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய தமிழ்ப் படம் எதுவானாலும் திரையை இருபக்கமும் நிறைத்து ஓடினால் அந்தப் பிரதியை வைத்து ஃப்ரேமிங் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது. மறுபக்கம், 2.35 விகித ஸ்கோப் படத்தைப் பழைய தொலைக்காட்சிக்கு வெட்டிய பிரதியில் படத்தின் 43 சதவீதம் இருக்காது. இரண்டு பேர் ஒன்றாக நின்ற ஷாட் அதில் இரண்டு தனி ஷாட்டாகவே மாறியிருக்கலாம்.

தேய்ந்த பிரதிகளில் இன்னொரு பொறி உண்டு. ரீலின் தொடக்கமும் முடிவும்தான் முதலில் கிழியும். கிழிந்ததை ஒட்டும்போது சில ஃப்ரேம் போய்விடும். திரையில் அது ஜம்ப் கட் போலவே, ஒரே ஷாட்டின் நடுவில் வேண்டுமென்றே வெட்டித் தாவியதுபோல, இருக்கும். ‘இயக்குநரின் துணிச்சலான வெட்டு’ என்று பாராட்டி எழுதிவிடுவீர்கள். கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 35 எம்எம் பிரதியில் ஒலி, தனக்குரிய படத்தைவிடச் சுமார் 20 ஃப்ரேம் முன்னால் பதிந்திருக்கும். அதனால் கிழிந்து ஒட்டிய இடத்தில் முதலில் படம் குதிக்கும். ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவான நேரம் கழித்து ஒலி குதிக்கும். இயக்குநர் வெட்டிய வெட்டில் இப்படி நொண்டாது.

ஒரே படத்துக்குப் பல வடிவங்கள் இருந்தால் எதை எடுத்தீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ 1982, 1992, 2007 என்று வெவ்வேறு வடிவங்களில் இருக்கிறது. ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ (1942) ஸ்டுடியோவால் 40 நிமிடத்துக்கு மேல் வெட்டப்பட்டு, முடிவும் வேறாக எடுக்கப்பட்ட படம். அதில் தனித்தனிக் காட்சிக்குள் வெல்ஸைப் பார்க்கலாம். மொத்தப் படத்தின் தாளத்தை அவர் தலையில் கட்டக் கூடாது.

கடைசியாக, தொலைக்காட்சியில் பார்ப்பதானால் அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாத ஃப்ரேம்களை அது தானே உண்டாக்கும்.

கேள்வி: சராசரி ஷாட் நீளம் கணக்கிட்டேன். மூன்று படத்துக்கும் 8 நொடி, 7.8, 8.1 என்று வருகிறது. ‘பாணி மாறவே இல்லை’ என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். 1970களில் திரைப்பட ஆய்வாளர் பேரி சால்ட் போன்றவர்கள் பரப்பிய இந்தக் கணக்கு எளிது. எளிது என்பதாலேயே ஏமாற்றும். பாடல்களைத் தனியாகப் பிரித்தீர்களா?

120 நிமிடப் படம். டைட்டிலும் வணக்கமும் 4 நிமிடம் கழித்தால் 6,960 நொடி. ஷாட் 870. சராசரி 8 நொடி. இதில் ஐந்து பாடல், ஐந்தைந்து நிமிடம். மொத்தம் 1,500 நொடியில் 375 ஷாட் என்றால் பாடலின் சராசரி 4 நொடி. மீதி 5,460 நொடியில் 495 ஷாட், சராசரி 11 நொடி. இந்தப் படத்தில் 8 நொடி என்பது எங்குமே இல்லாத ஓர் எண்! பாடலில்லாத படம் ஒன்றும் இதே 8ஐக் கொடுக்கலாம். இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்காது. சண்டைக் காட்சிகளையும் இப்படியே பிரியுங்கள். பாடலை நடன இயக்குநரும் சண்டையை ஸ்டண்ட் மாஸ்டரும் வடிவமைப்பது வழக்கம். அங்கே வெட்டின் வேகம் பாதி அவர்களுடையது.

சராசரியோடு இடைநிலை எண்ணையும் கொடுங்கள். ஷாட்களை நீள வரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதுதான் அது. ஐந்து நிமிட ஒற்றை ஷாட் ஒன்று இருந்தாலே சராசரி தூக்கிவிடும், இடைநிலை அசையாது.

எண்ணும்போது வருகிற தகராறுகள் பெரும்பாலும் முன்கூட்டியே விதி எழுதாததால் வருபவை. மிட் ஷாட் இடுப்புக்கு மேலா, முழங்காலுக்கு மேலா? டிசால்வை (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது தெளிவதை) எந்தப் புள்ளியில் வெட்டாகக் கொள்வீர்கள்? நடுப்புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாப் படத்துக்கும் அதேதான். கேமரா நகர்ந்து லாங் ஷாட் குளோசப்பாக முடிந்தால் அது ஒரே ஷாட்; தொடங்கும் அளவு, முடியும் அளவு இரண்டையும் குறியுங்கள். இருபது ஷாட் எண்ணிவிட்டு, மறுநாள் அதே இருபதைப் புதிதாக எண்ணிப் பாருங்கள். இரண்டு பட்டியலும் மூன்றுக்கு மேற்பட்ட இடத்தில் மாறினால் விதியில் ஓட்டை இருக்கிறது. விஎல்சியில் ‘ஈ’ விசையைத் தட்டினால் ஃப்ரேம் ஃப்ரேமாக நகரும், வெட்டின் இடம் துல்லியமாகக் கிடைக்கும்.

முழுப் படத்தையும் எண்ண நேரமில்லை என்றால் ‘முதல் பத்து நிமிடம்’ மட்டும் எண்ணி ஒப்பேற்ற வேண்டாம்; தொடக்கம் எல்லாப் படத்திலும் விசேஷமாகக் கட்டப்படுவது. பதிலாக ஒவ்வொரு படத்திலும் ஒரே வகைக் காட்சிகள் நான்கை எடுங்கள்: இருவர் உரையாடல், சாப்பாடு, ஒருவர் விடைபெறுவது, கெட்ட செய்தி வந்து சேர்வது. ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

கேள்வி: ஒரே கதையை இரண்டு முறை எடுத்த இயக்குநரை எடுத்தால் வேலை சுலபமா?

சுலபம்போலத் தோன்றும். ஹிட்ச்காக் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ படத்தை 1934இலும் 1956இலும் எடுத்தார். ஓசு 1934இல் மௌனமாக எடுத்த நாடகக் குழுக் கதையை 1959இல் ஒலியோடும் வண்ணத்தோடும், ‘ஃப்ளோட்டிங் வீட்ஸ்’ என்று, வேறு நிறுவனத்துக்காக, வழக்கமான யூஹாரு அட்சுதா இல்லாமல் கசுவோ மியாகாவாவின் ஒளிப்பதிவில் எடுத்தார். இத்தனை மாறியிருக்கும்போது, இரண்டிலும் மாறாமல் நிற்பது இயக்குநருடையது என்று தைரியமாகச் சொல்லலாம். மாறியிருப்பது எதனால் மாறியது என்று இந்த ஜோடியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மாணவர்கள் பெரும்பாலும் மாறியதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

கேள்வி: முதல் படமும் கடைசிப் படமும் கட்டாயம் இருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. சேர்த்தால் சூழ்நிலையை விசாரித்துவிட்டுச் சேருங்கள். ராயின் ‘கணசத்ரு’ (1989) உடல்நலம் காரணமாக, மருத்துவர் ஆலோசனைப்படி ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுக்கப்பட்டது. அது தெரியாமல் ‘கடைசிக் காலத்தில் ராய் வெளியுலகைத் துறந்து உரையாடலுக்குள் ஒடுங்கினார்’ என்று எழுதினால் மருத்துவரின் பாணியை ஆராய்ந்ததாகிவிடும்.

கேள்வி: எனக்குத் தெரியாத மொழியில் எடுக்கும் இயக்குநரை எடுக்கலாமா?

எடுக்கலாம். மொழிமாற்றுப் பிரதி மட்டும் கூடாது. அதில் வசனத்தோடு பின்னணி ஒலியின் அளவும் மாறியிருக்கும். முதல் முறை துணைத்தலைப்போடு பாருங்கள். ஷாட் பிரிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கண் ஃப்ரேமின் அடிப்பகுதியிலேயே கிடக்கும். வசன நடை, பேச்சுத் தொனி பற்றிய முடிவுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் இயக்குநர் இரண்டே படம்தான் எடுத்திருக்கிறார். என்ன செய்வது?

இரண்டையும் முழுதாக எண்ணுங்கள். மூன்றாவதாக, அவர் உதவி இயக்குநராக வேலை பார்த்த இயக்குநரின் படம் ஒன்றை எடுங்கள். அவர் அங்கே வேலை பார்த்த காலத்துப் படமாக இருந்தால் நல்லது. அல்லது அவருடைய ஒளிப்பதிவாளரோ படத்தொகுப்பாளரோ அதே இரண்டு வருடத்துக்குள் வேறொருவருக்கு வேலை செய்த படத்தை எடுங்கள். குருவிடமிருந்து வந்ததையும் கூட்டாளியிடமிருந்து வந்ததையும் கழித்த பிறகு மிஞ்சுவதை மட்டும் எழுதுங்கள். அது இரண்டு பக்கம்தான் வரும் என்றால் இரண்டு பக்கம் போதும். மீதி இடத்தில் ஷாட் பட்டியலைப் பின்னிணைப்பாகக் கொடுத்துவிடலாம்.